பீங்கானில் எழுதிய கனவு

எனக்கு வாய் நீளம் என்று குடும்பத்தில் எல்லாரும் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை மற்றவர்கள் இன்றுவரை வாய் திறந்து பேசியதில்லை. அதனால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஸவாஹிரா. கட்டிய மனிதர் மவுத்தாகிக் கண்ணை மூடிய பிறகு தம்பி மொஹிதீனின் வீட்டோடு வந்து சேர்ந்தேன். தெமோதரைக்குக் கீழே, பதுளைக்குப் போகும் வண்டிப் பாதையில் அவன் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆறு. எதிர்ச் சரிவு முழுக்கத் தேயிலைத் தோட்டம். ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. அரிசியும் கருவாடும் மாட்டு வண்டியில் வந்து இறங்கும். தோட்டத்து ஆட்கள் வந்து வாங்கிப் போவார்கள்.

தம்பி சாது. யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவான். அவன் மனைவி நளீரா ஒரு லெவ்வையின் மகள். பள்ளிவாசலில் தொழவைத்து, நோயாளிகளுக்கு ஓதிக் கொடுத்து வந்த அந்த லெவ்வை, தன் வேலையை மகளுக்கும் கற்றுக் கொடுத்திருந்தார். காய்ச்சல், பயம், குழந்தை பால் குடிக்காதது, எதுவானாலும் நளீரா வெள்ளைப் பீங்கான் தட்டை எடுப்பாள். குங்குமப்பூவைப் பன்னீரில் கரைத்து மையாக்கி அதில் இஸ்ம் எழுதுவாள். இஸ்ம் என்றால் இறைவனின் பெயர்கள். எழுத்து உலர்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் கரைத்து நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். எழுதியது உள்ளே போனால் நோய் வெளியே வந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை.

அவள் எழுத்து அழகு. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் வேறு யாராவது அவளை ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நளீராவின் மூத்த பிள்ளை புவாத். ஐந்து வயதில் ஓயாவில் மூழ்கிப் போய்விட்டான். மழை ஓய்ந்த ஒரு விடியற்காலை, எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது, தனியாக எழுந்து ஆற்றுக்குப் போயிருக்கிறான். எதற்குப் போனான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் போவதற்கு முன் தாயின் தலைமாட்டில் வந்து நின்று ஏதோ சொல்லியிருக்கிறான். அவள் அரைத் தூக்கத்தில் 'ம்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டாள். பிள்ளை வந்து பேசியது அவளுக்கு நினைவிருந்தது. என்ன பேசினான் என்பது நினைவில்லை.

அந்தப் பேச்சைத்தான் அவள் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு பலீலா பிறந்து, நடந்து, ஓதவும் தொடங்கிவிட்டாள். அப்போதும் நளீரா சோறு வடிக்கிற நேரத்தில் கையை நிறுத்திவிட்டு, "அவன் என்னமோ சொன்னானே மதினி" என்பாள்.

"தண்ணி கேட்டிருப்பான். இல்லாட்டி ஒண்ணுக்குப் போறன் எண்டு சொல்லியிருப்பான். அஞ்சு வயசுப் புள்ள வேற என்னத்தச் சொல்லும்?" என்பேன் நான்.

"அது இல்ல மதினி. அது வேற."

வேறு என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்பதற்குள் மறுபடியும் அதே யோசனையில் போய்விடுவாள். சோறு குழைந்துபோகும். குழைந்த சோற்றைப் பெரியவர்கள் மூன்று பேரும் சாப்பிடுவோம்.

அந்த வருஷம் மழை பிடித்த நேரத்தில் பலீலாவுக்குக் காய்ச்சல் கண்டது. விட்டு விட்டு வரும் காய்ச்சல். நளீரா இரவில் இஸ்ம் எழுதிப் பிள்ளையின் தலைமாட்டில் வைப்பாள். விடிந்ததும் மொஹிதீன், கடை திறக்கப் போகுமுன், தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் கொடுப்பான். எழுதுவது தாய், கரைத்துக் கொடுப்பது தகப்பன் என்று அது ஒரு வழக்கமாகிவிட்டது.

அந்த நாட்களில்தான் நளீராவுக்குக் கனவு தொடங்கியது. விடிகிற நேரம் புவாத் வருகிறான். ஓயாவுக்கு அக்கரையில் நின்றுகொண்டு, அன்று சொன்னதையே சொல்கிறான். அவளுக்குக் கேட்கிறது, விளங்குகிறது, இவ்வளவுதானா மகன் என்று சிரிக்கவும் செய்கிறாள். கண்ணைத் திறந்தால் ஒன்றும் இல்லை.

கனவைப் பிடித்து வைக்க அவள் படாத பாடு பட்டாள். விழித்ததும் அசையக் கூடாதாம், அசைந்தால் கலைந்துவிடுமாம். கண்ணைத் திறக்கக் கூடாதாம். கடைசியாகக் கண்டதை முதலில் பிடித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டுமாம். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் ஒரு சட்டியை இறக்கி வைத்தால் போதும், "ஒங்கட சத்தத்தால போயிட்டு மதினி" என்று உட்கார்ந்து அழுவாள். தேத்தண்ணி வைப்பதற்குக்கூட நான் பூனை மாதிரி நடக்க வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

"கண்ட ஒடன யாரிட்டயாச்சும் சொல்லிட்டா மறக்காதுதானே? நான் இங்கதானே இருக்கன்" என்றேன் ஒருநாள்.

அவளுக்கு அதுவும் பயம். கனவை முதலில் கேட்கிறவர் என்ன அர்த்தம் சொல்கிறாரோ அப்படியே அது பலித்துவிடும் என்று அவள் வாப்பா சொல்லியிருந்தார். என் வாயில் என்ன வரும் என்பது அவளுக்குத் தெரியாதா?

"சொல்ல மாட்டன். எழுதிருவன்" என்றாள். எழுதுவது சொல்வதில் சேராது என்பது அவள் எண்ணம்.

பிறகு ஒருநாள் இரவு அசதியில் இஸ்ம் எழுதாமலே சாய்ந்துவிட்டாள். கழுவிய பீங்கானும் மையும் எழுதுகோலும் தலைமாட்டில் அப்படியே இருந்தன. விடிகிற நேரம் கனவு வந்தது. அவள் அசையவில்லை, கண்ணை முழுதாகத் திறக்கவும் இல்லை. கையை மட்டும் நீட்டித் தடவி, பீங்கானை நெஞ்சுக்கு இழுத்து, கண்டது அத்தனையும் எழுதினாள். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது எங்கள் பெண்களுக்குப் பழக்கம். அவளுக்கும் அந்த எழுத்துதான் வேகமாக வரும். பிள்ளை சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். இனி அது எங்கேயும் போகாது என்ற நிம்மதியில் மனதைத் தளர விட்டாள். பீங்கானைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனாள்.

மொஹிதீன் எழுந்து வந்தான். பீங்கானில் மஞ்சள் மையில் அரபு எழுத்து இருந்தது. அவன் வேறென்ன நினைப்பான்? தண்ணீரை ஊற்றினான், தட்டைச் சுற்றிச் சுற்றிக் கரைத்தான், மகளின் தலையைத் தூக்கிக் குடிக்கக் கொடுத்தான். பலீலா ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.

நளீரா திரும்பி வந்து வெறும் பீங்கானைப் பார்த்தாள். கத்தவில்லை. விளக்குப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்கு வந்து என்னைக் கேட்டாள்.

"மதினி, நான் என்ன எழுதின?"

எனக்கு எப்படித் தெரியும்? அவளுக்கே தெரியவில்லை. அன்று கண்டது துடைத்த மாதிரிப் போயிருந்தது. எனக்கு, அல்லாஹ் மன்னிக்க வேண்டும், சிரிப்பு வந்துவிட்டது. "மனுசர் மருந்தக் கலக்கிக் குடுப்பாங்க, ஒம் மாப்புள கனவக் கலக்கிக் குடுத்துட்டான்" என்றேன். அன்று பகலே பலீலாவின் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி கேட்டாள், அதற்குச் சம்பலும் கேட்டாள். நளீராவைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம்.

மறுநாள் விடிய நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பலீலாவின் குரல் கேட்டது.

"உம்மா, நானா வந்தாரு."

நாங்கள் அண்ணனை நானா என்போம். பலீலா அவனைப் பார்த்ததே இல்லை. அவன் மவுத்தான பிறகு பிறந்தவள். வீட்டில் அவனுக்குப் படமும் கிடையாது, பிள்ளை பயப்படும் என்று அவன் பேச்சை அவள் முன்னால் எடுப்பதும் கிடையாது.

"எந்த நானா மகள்?" என்றாள் நளீரா. அவள் குரல் அவள் குரலாக இல்லை.

"ஆத்துக்கு அங்கிட்டு நிக்கிற நானா. இடுப்புச் சாரம் நனஞ்சி காலோட ஒட்டியிருந்திச்சு. நாடியில ஒரு தழும்பு."

புவாத் கடை வாசற்படியில் விழுந்து மோவாயை வெட்டிக்கொண்டபோது மருந்து வைத்துக் கட்டியவள் நான். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிள்ளை வந்த கனவை இன்னொரு பிள்ளை குடித்துவிட்டது என்பது அப்போதுதான் புரிந்தது, அப்போது சிரிப்பு வரவில்லை.

"என்ன சொன்னாரு?" என்று நளீரா கேட்டாள்.

பலீலா யோசித்தாள். "தூரத்தில நிண்டாரு உம்மா. கேக்கல்ல."

அன்றிலிருந்து பாடமெல்லாம் பிள்ளைக்கு நடந்தது. விடிகிற நேரம் நளீரா மடியில் பீங்கானும் கையில் எழுதுகோலுமாகப் பாய் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். "அசையாத மகள். கண்ணத் தொறக்காத. கடைசியா என்னத்தக் கண்ட? அதுக்கு முந்தி? அதுக்கு முந்தி?" பிள்ளை கண்ணை மூடியபடியே சொல்லச் சொல்ல இவள் எழுதுவாள். எழுதிய தட்டுகளை அலமாரியில் நிறுத்தி வைத்தாள். வீட்டுத் தட்டுகள் தீர்ந்து, விற்க வைத்திருந்த தட்டுகளும் கடையிலிருந்து வந்தன. "இதுல யாரும் தண்ணி ஊத்தப்படாது" என்று உத்தரவு வேறு. நாங்கள் வாழை இலையில் சாப்பிட்டோம்.

அந்தத் தட்டுகளை நானும் வாசித்தேன். வாசிக்காமல் இருக்க முடியுமா? முதல் தட்டில் புவாத் அக்கரையில் நின்றான். அடுத்ததில் ஓயாவின் நடுக் கல்லில் நின்றான். அப்புறம் இக்கரையில், துணி துவைக்கிற கல்லில். அப்புறம் எங்கள் வேலியோரம். ஒவ்வொரு விடியலுக்கும் அவன் வீட்டுக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தான். இந்தத் தாய் அதை எழுதி எழுதி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பலீலாவோ தூங்கிக்கொண்டே போனாள். முன்பெல்லாம் விடியலில் தோட்டத்து ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடத் தப்பு அடிக்கும்போது எழும்புகிற பிள்ளை, இப்போது முற்பகலில் கொழுந்து நிறுக்கிற நேரம்வரை கண் திறக்கவில்லை. எழுந்தாலும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் பாயைத் தேடினாள். கை சில்லென்று இருந்தது. பிடரி முடி நனைந்திருந்தது. வேர்வை என்றான் தம்பி. நான் மோந்து பார்த்தேன். அது ஓயாத் தண்ணீரின் வாசம். பாயை உதறினால் மணல் கொட்டியது.

தம்பியைக் கடைக்குள்ளேயே பிடித்தேன். "ஒண்ட பொண்டாட்டிக்குத்தான் புத்தி பேதலிச்சிட்டு. ஒனக்குமா? நிப்பாட்டச் சொல்லுடா."

அவன் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான், "ராத்தா, எனக்கும் அதக் கேக்கணும்போல இருக்கு."

அவனும் பெற்றவன்தானே. பிள்ளையை ஆற்றிலிருந்து தூக்கி வந்தவனே அவன்தான்.

எங்களுக்குப் பால் கொண்டு வருகிறவள் இராக்கம்மா. அந்த வருஷம்தான் கடல் கடந்து வந்து எதிர்த் தோட்டத்தில் பேர் பதிந்தவள். எங்கள் வீட்டுக் கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. ஒருநாள் காலை பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அம்மா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. இந்த மழையில புள்ளைங்கள ஆத்துப் பக்கம் விடாதீங்க. வர்ற வழியில பாத்தேன், ரெண்டும் கையைப் புடிச்சுக்கிட்டு தொவைக்கிற கல்லு மேல நிக்குதுங்க."

"ரெண்டா?"

"ஆமாங்க. பொம்பளப் புள்ளையும் பையனும். பையனுக்கு இடுப்புத் துணியெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். நெஞ்சுல சளி கட்டிக்குமுங்க. மாத்தி விடுங்க."

பலீலா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். சற்று முன்னால்தான் போர்வையை இழுத்து மூடிவிட்டு வந்திருந்தேன். "சரி, மாத்தி விடுறன்" என்று இராக்கம்மாவை அனுப்பினேன். பால் பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்க உள்ளே ஓடினேன்.

கெட்ட கனவு கண்டால் எங்களுக்கு ஒரு வழி உண்டு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்ததுதான். எழுந்ததும் இடப்பக்கம் மூன்று தரம் துப்ப வேண்டும். ஷைத்தானிடமிருந்து காப்பாற்று என்று ஓத வேண்டும். படுத்திருந்த பக்கத்தை மாற்றி மறுபக்கம் திரும்பிப் படுக்க வேண்டும். கனவு அதோடு போய்விடும். நேரே நளீராவிடம் போய் அதைச் செய்யச் சொன்னேன்.

"கெட்ட கனவா? என்ட புள்ள வாரது கெட்ட கனவா மதினி?"

"வாரது ஒண்ட புள்ளயே எண்டு வையி. அவன் ஒண்ட மத்தப் புள்ளய எங்க கூட்டிட்டுப் போறான் எண்டு பாத்தியா?" இராக்கம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணால கண்டாளா? என்ட மகனக் கண்ணால கண்டாளா? மெலிஞ்சா இருந்தான்?"

திட்ட வேண்டும் என்று வந்தவள் நான். அந்தக் கேள்வியைக் கேட்டதும் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். முற்றத்தில் போய் நின்று அழுதேன். அவள்மேல் கோபமும் பாவமும் ஒன்றாக வந்தது.

மறுநாள் விடியலில் நளீரா தொழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து நானே உள்ளே போனேன். பலீலாவின் இடப்பக்கம் மூன்று தரம் துப்பினேன், ஓதினேன், பிள்ளையைத் தூக்கி மறுபக்கம் திருப்பினேன். திருப்பிய உடம்பு தானாகவே பழைய பக்கத்துக்கு வந்தது. கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"மாமி துப்புறாங்க. நானா சிரிக்கிறாரு."

பிள்ளையின் மேலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கனவு என்னுடையது இல்லை. பலீலாவுடையதும் இல்லை. கண்டவள் நளீரா. இந்தப் பிள்ளை அதைக் குடித்தது, அவ்வளவுதான். நான் எத்தனை தரம் துப்பினாலும் அது போகாது. கண்டவளே துப்ப வேண்டும்.

நளீரா தொழுகை முடித்துச் சலாம் கொடுக்கும்வரை காத்திருந்து அதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. அவளும் அதை யோசித்து வைத்திருந்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது.

"நாளைக்கி மட்டும் மதினி. பின் வாசல்வரைக்கும் வந்துட்டான். நாளைக்கி உள்ள வந்து சொல்லிருவான். கேட்டுட்டு நானே துப்புறன்."

"நாளைக்கிப் புள்ள எழும்பாட்டி?"

அவள் தொழுத பாயைச் சுருட்டி வைத்தாள். நான் சம்மதிக்கவும் இல்லை. என் சம்மதத்தை அவள் கேட்கவும் இல்லை.

அடுத்த நாள் விடிந்தும் விடியாத மாதிரிப் பனிமூட்டம். எதிர்த் தோட்டம் தெரியவில்லை, தப்புச் சத்தம் மட்டும் கேட்டது. பலீலாவின் பாயைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். தம்பி கடை திறக்கப் போகவில்லை. நளீரா பீங்கானை எடுக்கவில்லை. இன்றைக்கு எழுத வேண்டியதில்லை, காதால் கேட்டுவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ. பிள்ளை மூச்சு விடுவதே தெரியாமல் கிடந்தாள். தண்ணீரில் நெடுநேரம் நின்ற பிள்ளையின் உதடு எப்படி இருக்கும், அப்படி நீலமாக இருந்தது உதடு.

பின் கதவு சாத்தியிருந்தது. ஓயாவின் வாசம் திடீரென்று வீடு முழுக்க நிரம்பியது.

"நானா உள்ள வந்துட்டாரு" என்றாள் பலீலா. கண் மூடியே இருந்தது.

"எங்க மகள்?"

"ஒங்கட இடப்பக்கம் உம்மா. தோளுக்கிட்ட நிக்கிறாரு."

நளீரா இடப்பக்கம் திரும்பினாள். அங்கே ஒன்றும் இல்லை. சுவரும் சுவரில் மாட்டிய தம்பியின் சட்டையும்தான். ஆனால் அவள் முகம் ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே தாழ்ந்து நின்றது.

"என்ன சொல்றாரு?"

"என்ட கையப் புடிச்சிருக்காரு. வா போவம் எண்டு சொல்றாரு." பிள்ளையின் குரல் தேய்ந்தது. "ஒங்களுக்கு ஒண்டு சொல்லிட்டுப் போகணுமாம். அண்டைக்குச் சொன்னது. குனியட்டாம். காதில சொல்றாராம்."

நளீரா குனிந்தாள்.

நான் பலீலாவைப் பார்த்தேன். கடைவாயிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எச்சில் இல்லை, கலங்கிய ஆற்றுத் தண்ணீர். நெஞ்சு அசையவில்லை. தம்பி பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கேட்கப் போகிறவன்போல நளீராவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே வாயாடி என்று சொல்கிற எனக்கு அப்போது "நளீரா" என்ற ஒரு பேர்தான் வந்தது. அதையும் நான் சத்தமாகச் சொல்லவில்லை.

காதைச் சாய்த்துக்கொண்டிருந்த அவள் முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எதையோ கேட்கத் தொடங்கிய முகம் அது. இத்தனை வருஷமும் நான் பார்க்காத முகம். அந்த முகத்தோடேயே அவள் கண்ணைத் திருப்பிப் பலீலாவின் உதட்டைப் பார்த்தாள்.

பிறகு துப்பினாள். இடப்பக்கம், முகத்துக்கு நேராக. ஒரு தரம். இரண்டாம் தரம் துப்பும்போது அழுதுகொண்டிருந்தாள். மூன்றாம் தரம் துப்ப வாயில் ஈரம் இல்லை, நாக்கைப் புரட்டி வரவழைத்துத் துப்பினாள். ஷைத்தானிடமிருந்து காப்பாற்று என்று ஓதினாள். அவள் வாயால் அதை ஓத எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்கி மறுபக்கம் புரட்டினாள்.

பலீலா இருமினாள். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. மூச்சை இழுத்து வீறிட்டு அழுதாள். அழுகை நின்றதும் கண்ணைத் திறந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்றாள். நானா எங்கே என்று தம்பி கேட்டுவிட்டான், மடையன். "எந்த நானா வாப்பா?" என்றாள் பிள்ளை. அவன் அவளை வாரி எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான்.

நாங்கள் இரண்டு பேரும் அறையில் இருந்தோம். அலமாரியில் இருந்த தட்டுகளைப் பார்த்தேன். அத்தனையும் எழுத்தில்லாமல் வெள்ளையாக இருந்தன.

"என்ன சொன்னான்?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உம்மா எண்டு தொடங்கினான் மதினி" என்றாள் நளீரா.

நான் துணியை எடுத்து வந்தேன், எச்சிலைத் துடைக்கலாம் என்று. அவள் துப்பியதை இரண்டு கண்ணாலும் பார்த்தவள் நான். தரையில் தேடினேன். சுவரில் தேடினேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு துளி இல்லை, எல்லாம் காய்ந்து கிடந்தது. நான் தேடுவதை நளீரா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எதைத் தேடுகிறேன் என்பதும், அது ஏன் தரையில் விழவில்லை என்பதும் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் புரிந்தது.

அவள் முந்தானையை எடுத்தாள். இடப்பக்கம் திரும்பி மண்டியிட்டு, ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில், வெறும் காற்றை மெல்லத் துடைக்கத் தொடங்கினாள்.